எந்த ஆண்டில் நிறுத்துவது?

பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்க நினைப்பவர் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். முந்நூறு ஆண்டுகள் நின்ற வீட்டில் பத்துத் தலைமுறையாவது பிறந்து வளர்ந்து செத்திருக்கும். ஒருவர் சன்னலைப் பெரிதாக்கியிருப்பார், இன்னொருவர் பின்கட்டை இடித்திருப்பார், மூன்றாமவர் முன்னறையைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பார். இவர்களில் யாருடைய வீட்டைக் காட்டுவது? ஒரு காலத்தை வைத்துக்கொண்டால் மற்றவை கழிக்கப்பட வேண்டியவை ஆகிவிடுகின்றன. காசு கொடுத்து உள்ளே போகும் நாம் நாற்காலியையும் கட்டிலையும் பார்க்கிறோம். எந்தக் காலம் கழிக்கப்பட்டது, கழித்தவர் யார் என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கத் தோதான ஊர் சேலம். நம்முடைய மாம்பழச் சேலம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், அட்லாண்டிக் கரையில் உள்ள சேலம். மக்கள்தொகை 44,000 அளவில். ஒரு பகல் முழுக்க நடந்தால் ஊரின் பழைய பகுதியை முடித்துவிடலாம். அந்த நடைக்குள் 17-ஆம் நூற்றாண்டு மரவீடு முதல் சீனாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து பூட்டிய வீடு வரை, அருங்காட்சியகங்களான வீடுகள் பத்துக்குக் குறையாமல் எதிர்ப்படும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆண்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒன்று, எந்த நாட்காட்டியிலும் இல்லாத ஆண்டில்.

இவ்வளவு வீடுகள் எப்படி மிஞ்சின? முதலில் செல்வம் வந்தது, பிறகு அது போய்விட்டது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் சேலத்துக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு சுமத்ரா, கல்கத்தா, மதராஸ், காண்டன் என்று போய்வந்தன. 1797-இல் ஜோனதன் கார்ன்ஸ் என்ற கப்பல் தலைவர் சுமத்ராவிலிருந்து மிளகு ஏற்றிவந்தார். போட்ட முதலுக்கு ஏழு மடங்கு லாபம் என்பார்கள். 1790 கணக்கெடுப்பில் 8,000 பேர்கூட இல்லாத ஊர் இது. 1807-இல் ஜனாதிபதி ஜெஃபர்சன் வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டார்; அதில் விழுந்த அடியிலிருந்து ஊர் முழுசாக எழவில்லை. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகச் சேலத்தின் ஆழமற்ற துறைமுகம் போதவில்லை, பாஸ்டன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டது. பணம் இருந்திருந்தால் மாளிகைகளை இடித்துப் புதிது கட்டியிருப்பார்கள். இல்லாததால் அப்படியே குடியிருந்தார்கள்.

இந்த வீடுகளில் பேர்போனது கடலோரம் நிற்கும் 'ஏழு முகட்டு வீடு'. கறுப்பேறிய மரப்பலகைச் சுவர், செங்குத்தாகச் சரியும் கூரை, நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோண முகடுகள். 1668-இல் ஜான் டர்னர் என்ற வணிகர் கட்டியது. மூன்று தலைமுறை டர்னர்கள் இருந்தார்கள். மூன்றாம் தலைமுறை சொத்தைக் கரைத்தது. 1782-இல் சாமுவேல் இங்கர்சால் என்ற கப்பல் தலைவர் வாங்கினார். அவர் காலத்து ரசனைக்கு முகடுகள் பழைய பாணியாகத் தெரிந்ததால் சிலவற்றை நீக்கிவிட்டார்கள். வீடு அவர் மகள் சூசன்னாவுக்கு வந்தது. அவருக்கு ஓர் உறவுக்காரர் உண்டு, எழுத்தாளர்: நதானியல் ஹாதார்ன்.

ஹாதார்ன் வந்துபோன காலத்தில் வீட்டில் மூன்று முகடுகளே இருந்தன. முன்பு ஏழு இருந்ததாம் என்று சூசன்னா அவரிடம் சொன்னதாகவும், பரணில் உத்தரங்களில் தெரிந்த பொருத்துத் துளைகளைக் காட்டியதாகவும் ஒரு கதை உண்டு. 1851-இல் அவர் எழுதிய நாவலின் பெயர் அந்த வீட்டின் பெயர் ஆயிற்று. நாவலின் முன்னுரையில் அவர் இது எந்த உண்மையான வீட்டையும் குறிப்பதல்ல என்ற பொருளில் எழுதியிருக்கிறார். வாசகர்கள் கேட்பார்களா? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேலத்துத் தெருக்களில் வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

1908-இல் கரோலின் எம்மர்டன் என்ற பெண்மணி அந்த வீட்டை வாங்கினார். தாத்தா ஜான் பெர்ட்ராம் கப்பல் வணிகத்தில் சம்பாதித்தவர். அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு பேத்தியிடம் இருந்தது. ஜோசப் எவரெட் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தி, காணாமல் போன முகடுகளை மீண்டும் எழுப்பச் சொன்னார். முகடுகளுக்காவது மரச்சட்டத்தில் தடயம் இருந்தது. அதோடு அவர் விடவில்லை. நாவலில் ஹெப்சிபா என்ற வறுமையுற்ற முதிய பெண் வீட்டு முன்னறையில் ஒரு பெட்டிக்கடை வைப்பாள். அந்தக் கடை வீட்டுக்குள் கட்டப்பட்டது. புகைபோக்கியை ஒட்டி, ஆள் நெருக்கிக்கொண்டு ஏறும்படி, ஓர் இரகசியப் படிக்கட்டும் வந்தது. நாவலில் அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது. கதையில் ஒரு பாத்திரம் திடீர் திடீரென்று தோன்றுவதற்குப் படிக்கட்டு விளக்கமாக அமைந்துவிட்டது. 1910-இல் வீடு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இன்றும் குழந்தைகளுக்கு அந்தப் படிக்கட்டுதான் பிடிக்கும். பெரியவர்களுக்கும்தான், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆக இந்த வீடு நிற்பது 1668-இலும் இல்லை, 1782-இலும் இல்லை. கற்பனைக் குடும்பம் ஒன்று வாழ்ந்த கற்பனை ஆண்டில் நிற்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்ததில் வியப்பில்லை. எனக்கு அந்தச் சுளிப்பில் முழு உடன்பாடு இல்லை. காரணம், எம்மர்டன் வீட்டை எதற்காகத் திறந்தார் என்பது.

அவர் வாங்கியபோது சுற்றியிருந்த தெருக்களில் பழைய கப்பல் குடும்பங்கள் இல்லை. தோல் பதனிடும் ஆலைகளிலும் பஞ்சாலையிலும் வேலை செய்த போலந்துக்காரர்கள், அயர்லாந்துக்காரர்கள், கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மொழியும் கைத்தொழிலும் கற்றுத்தரவும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு சமூக நல இல்லம் வேண்டும் என்று எம்மர்டன் நினைத்தார். அதற்கு நிரந்தர வருமானம் வேண்டும். நாவலைப் படித்தவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், நுழைவுக் கட்டணம் தருவார்கள், அந்தப் பணத்தில் இல்லம் நடக்கும். இப்படிப் பார்த்தால் பெட்டிக்கடையும் படிக்கட்டும் பொய் மட்டும் அல்ல. வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதி. குடியேறியவர்களுக்கு ஆங்கிலமும் குடியுரிமைத் தேர்வுக்கான பாடமும் சொல்லித்தரும் வேலை அங்கே இன்னும் தொடர்கிறது. நூறாண்டுக்கு மேல் ஒரே வேலையைச் செய்யும் அருங்காட்சியகங்கள் எத்தனை இருக்கின்றன?

ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கும் ஒரு காலம் இருந்தது, அந்தக் காலத்துக்கு ஒரு பயமும் இருந்தது. 1910 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம். எம்மர்டன் வீட்டைத் திறந்த அதே ஆண்டில், சேலத்தின் எஸ்ஸெக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பிரான்சிஸ் டவ் 1684-ஆம் ஆண்டு ஜான் வார்டு வீட்டை அதன் இடத்திலிருந்து பெயர்த்து நிறுவனத்தின் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் பாஸ்டனில் வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் நியூ இங்கிலாந்தின் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. 1900-க்கும் முதல் உலகப் போருக்கும் இடையே ஐரோப்பாவின் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பல லட்சம் பேர் அமெரிக்காவில் வந்திறங்கினார்கள். நாடு கைவிட்டுப் போகிறது என்று பழைய ஆங்கிலேய வம்சத்தார் கலங்கினார்கள். அரசியல் அதிகாரம் நழுவும்போது முன்னோரின் சமையலறையாவது கையில் இருக்கட்டும் என்பது போல, பெரிய அடுப்பும் ராட்டையும் வெண்கலப் பாத்திரமும் கொண்ட அறைகள் ஊர் ஊராகத் திறக்கப்பட்டன. வந்தேறிகள் அதைப் பார்த்து அமெரிக்கராக வேண்டும். 1924-இல் வந்த சட்டம் அந்தக் குடியேற்றத்தையே இறுக்கி அடைத்தது.

இதற்கு முன்பும் வீட்டு அருங்காட்சியகங்கள் இருந்தன. நியூயார்க் மாநிலம் 1850-இலேயே ஜார்ஜ் வாஷிங்டன் தங்கிப் படை நடத்திய நியூபர்க் வீட்டை வாங்கியது. 1858-இல் ஆன் பமேலா கன்னிங்ஹாம் திரட்டிய பெண்கள் சங்கம் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகையை 2 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தது. அங்கெல்லாம் மதிப்பு அந்த மனிதருக்கு. அவர் படுத்த கட்டிலுக்கு. 1910-இன் சேலத்தில் மதிப்பு ஒரு வாழ்முறைக்கு இடம் மாறியது. பெயர் தெரியாத ஒருவர் வீட்டு அடுக்களையும் பார்க்கத்தக்கது என்று ஆயிற்று. பயத்தில் பிறந்தாலும் நல்ல மாற்றம்தான்.

எஸ்ஸெக்ஸ் தெரு மூலையில் இருக்கும் 'சூனியக்காரி வீடு' ஏழு முகட்டு வீட்டைவிடச் சிக்கலானது. அதில் சூனியக்காரி யாரும் இருந்ததில்லை. 1675-இல் வாங்கிக் குடியிருந்தவர் ஜோனதன் கார்வின். 1692-இல் சூனியக் குற்றச்சாட்டுகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். அந்த ஆண்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் வாய்திறந்து வழக்கை ஏற்க மறுத்ததால் நெஞ்சில் கல்லேற்றிக் கொல்லப்பட்டார். சிறையில் செத்தவர்கள் தனி. கொன்றவனின் வீட்டுக்குக் கொல்லப்பட்டவர்களின் மேல் சுமத்திய பழிப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில்தான் சீட்டு விற்கிறது.

வீடு 18-ஆம் நூற்றாண்டில் வேறொரு கூரையைப் போட்டுக்கொண்டது. முகடுகள் போய் இருமடிப்புச் சரிவு வந்தது. 1856 வாக்கில் ஜார்ஜ் ஃபாரிங்டன் என்பவர் முன்பக்கம் மருந்துக் கடை ஒன்றைச் சேர்த்தார். நூறாண்டுக்கு அருகே ஊர்க்காரர்கள் அங்கே இருமலுக்கும் தலைவலிக்கும் மருந்து வாங்கினார்கள். 1944-இல் தெருவை அகலப்படுத்த வீட்டை இடிப்பது என்று முடிவாகியது. ஊரில் சிலர் சங்கம் கூடி 42,500 டாலர் திரட்டி, அதையும் பக்கத்தில் இருந்த நதானியல் பௌடிச் வீட்டையும் காப்பாற்றினார்கள். கார்வின் வீட்டை 35 அடி பின்னால் நகர்த்தினார்கள். மருந்துக் கடை போயிற்று, இருமடிப்புக் கூரை போயிற்று, 1692-இல் இருந்திருக்கக்கூடிய முகடுகள் வந்தன. 1948-இல் அருங்காட்சியகம் திறந்தது. சேலம் நகரில், அந்த விசாரணைகளோடு நேரடித் தொடர்புள்ள கட்டடமாக இன்று நிற்பது இது ஒன்றுதான் என்று விளம்பரம் சொல்கிறது, சரிதான். ஆனால் சாலையிலிருந்து நாம் பார்க்கும் அந்தக் கறுத்த, மிரட்டும் உருவத்தில் பெரும்பகுதி 1940-களின் தச்சு வேலை.

பௌடிச் வீட்டில் கூட்டமில்லை. அவர் எழுதிய கப்பலோட்டக் கையேடு 1802-இல் வெளிவந்தது. அதற்கு முன்பு புழங்கிய ஆங்கிலக் கையேட்டில் ஆயிரக்கணக்கான கணக்குப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்திய மனிதர். மாலுமிகளின் உயிரைக் காத்தவருக்கு, வீட்டைக் காப்பாற்றிய அந்தச் சங்கத்தின் அலுவலகமும், இருபது உயிர் போகக் காரணமான நீதிபதிக்கு வரிசையில் நிற்கும் கூட்டமும் கிடைத்திருக்கின்றன. சூனிய வழக்குகளின் தொடக்கம் இந்த ஊரில்கூட இல்லை, சற்றே உள்ளே தள்ளி அன்று 'சேலம் கிராமம்' என்று வழங்கிய இன்றைய டான்வர்ஸில். தூக்கிலிடப்பட்ட ரெபேக்கா நர்ஸ் என்ற முதியவள் வாழ்ந்த பண்ணைவீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. அமைதியான இடம், சூனியப் பைத்தியம் பிடித்த கூட்டம் அவ்வளவு தூரம் வருவதில்லை.

நகரின் நடுவே உள்ள கார்ட்னர்-பிங்கிரி வீடு வேறு உலகம். 1804-இல் சாமுவேல் மெக்கின்டயர் வடிவமைத்த செங்கல் மாளிகை. மெக்கின்டயர் மரச் சிற்பி. கதவு நிலையிலும் கணப்படுப்பின் விளிம்பிலும் அவர் செதுக்கிய கோதுமைக் கதிர்களையும் பழக்கூடைகளையும் பார்த்தால் உளியா, எழுதுகோலா என்று சந்தேகம் வரும். சேலம் சம்பாதித்த பணம் உச்சத்தில் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கட்டிய ஜான் கார்ட்னரால் வணிகத் தடைக்குப் பின் வீட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை. 1830 ஏப்ரல் 6 இரவு, அப்போதைய உரிமையாளரான 82 வயது ஜோசப் ஒயிட் கட்டிலிலேயே கொலை செய்யப்பட்டார். சொத்துக்காக உறவுக்காரர்கள் கூலிக்கு ஆள் வைத்த கொலை. அரசுத் தரப்பில் வாதாட டேனியல் வெப்ஸ்டர் வந்தார். அவருடைய வாதம் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் பேச்சுகளில் ஒன்றாயிற்று. கொலையைக் கேட்டால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஒயிட்டின் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதற்குத்தான் நாட்கள் பிடித்தன. ஊரின் கிழக்குத் தேவாலயத்துப் போதகர் வில்லியம் பென்ட்லி தன் நாட்குறிப்பில், மனித இனத்தின் எந்தப் பகுதியையும் விற்பதில் ஒயிட்டுக்குத் தயக்கமில்லை என்ற பொருளில் 1788-இலேயே எழுதிவிட்டார். ஏழு முகட்டு வீட்டின் டர்னர் குடும்பத்திலும் அடிமைகள் இருந்தார்கள். பரண்களிலும் சமையற்கட்டுகளிலும் உறங்கிய அவர்களைப் பற்றி அண்மைக் காலத்தில்தான் வழிகாட்டிகள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

வேலைக்காரர்களின் வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறவர் செஸ்ட்நட் தெருவிலுள்ள பிலிப்ஸ் வீட்டுக்குப் போகலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பணக்காரக் குடும்பம். சமையலறை, பாத்திர அறை, வண்டிக் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. அயர்லாந்திலிருந்து வந்த பணிப்பெண்கள் அங்கே உழைத்த கதையும் வீட்டின் கதையோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. ரோப்ஸ் மாளிகை 1727-இல் கட்டியது. கடைசி வாரிசுகளான சகோதரிகள், வீட்டையும் உள்ளிருந்த பொருள்களையும் குடும்ப நினைவாக வைக்கும்படி உயில் எழுதிவிட்டுப் போனார்கள். அதனால் அங்குள்ளவை ஏலத்தில் வாங்கி நிரப்பிய பொருள்கள் அல்ல, அந்தக் குடும்பமே புழங்கியவை. ஆனால் வருகிறவர்களில் பலர் வருவது, 1993-இல் வந்த ஒரு சூனியக்காரி நகைச்சுவைத் திரைப்படத்தில் அந்த வீட்டு வாசல் தெரிந்ததற்காக.

இத்தனைக்கும் நடுவே எனக்கு மிக முக்கியமாகப்படுவது, பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் நார்போன் வீடு. 1675-இல் தாமஸ் ஐவ்ஸ் என்ற இறைச்சிக் கடைக்காரர் கட்டியது. பிறகு அங்கே வாழ்ந்தவர்களும் கைத்தொழில் செய்தவர்கள், சில்லறைக் கடை நடத்திய பெண்கள் போன்றவர்கள். 1938-இல் அமெரிக்க அரசு தன் முதல் தேசிய வரலாற்றுத் தலமாகச் சேலம் துறைமுகத்தை அறிவித்தது. டெர்பி என்ற கப்பல் வணிகக் குடும்பத்து மாளிகை, ஹாதார்ன் 1846 முதல் 1849 வரை வேலை பார்த்த சுங்க அலுவலகம் எல்லாம் அதில் அடக்கம். நார்போன் வீடு பின்னால் சேர்ந்தது. 1970-களில் கொல்லையைத் தோண்டி, உடைந்த பீங்கானும் எலும்புத் துண்டும் புகையிலைக் குழாய்களுமாக அள்ளினார்கள். பிறகு அதிகாரிகள் எடுத்த முடிவு துணிச்சலானது: வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு நிரப்பவில்லை. அறைகள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கின்றன. சுவர்ப்பூச்சு சில இடங்களில் பெயர்க்கப்பட்டு உள்ளே மரச்சட்டம் தெரிகிறது. எந்தத் தலைமுறை எதை ஒட்டியது, எதை வெட்டியது என்று கைகாட்டி விளக்க முடிகிறது. எந்த ஆண்டில் நிறுத்துவது என்ற கேள்விக்கு இவர்கள் தந்த விடை: நிறுத்தவேண்டாம்.

வெறும் அறையைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், பலர் வருவதில்லை. ஆனால் முழுசாக நிரப்பிய அறை ஒன்றில் மேசைமேல் திறந்து வைத்த புத்தகமும் அருகில் கழற்றி வைத்த கண்ணாடியும் இருந்தால், யாரோ இப்போதுதான் எழுந்து போனதாக நம்பச் சொல்கிறார்கள் என்று பொருள். அந்தக் கண்ணாடி வேறு ஊரில் வாங்கியதாக இருக்கும். நார்போன் வீட்டில் அப்படி யாரும் ஏமாற்றுவதில்லை.

நிரப்பிய வீடும் நேர்மையாக இருக்கலாம் என்பதற்குப் பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்தில் சான்று இருக்கிறது. சீனாவின் அன்ஹுவேய் மாகாணத்தில் ஹுவாங் குடும்பம் 1800 வாக்கில் கட்டிய, பதினாறு படுக்கையறை கொண்ட 'யின் யூ தாங்' என்ற வீடு. குடும்பத்தார் 1980-களில் அதை விட்டுவிட்டு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சீன அதிகாரிகளின் இசைவோடு ஓடும் கல்லும் மரமுமாகப் பிரித்துக் கப்பலேற்றி, 2003-இல் சேலத்தில் எழுப்பித் திறந்தார்கள். அருங்காட்சியகத்தார் அதை 1800-க்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்து ஒலிபெருக்கி, சுவரில் ஒட்டிய மாவோ படம், இடையில் வந்த புதுமோகத்தில் ஒட்டிய வண்ணத் தாள் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. சொந்த ஊர் வீடுகளின் மருந்துக் கடையையும் இருமடிப்புக் கூரையையும் கழித்த அதே நகரம், அறுபது ஆண்டு கழித்து அயலான் வீட்டின் ஒலிபெருக்கியைக் கழிக்காமல் வைத்தது. அந்த இடைவெளியில் இந்தத் தொழில் கற்றுக்கொண்ட பாடம் அது.

சீன வீடு இருக்கிறது. சீனப் பீங்கான் ஒவ்வொரு கப்பல் தலைவர் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. இந்தியா எங்கே? சேலத்துக்கும் நம் கரைக்கும் இருந்த தொடர்பு சிறியது அல்ல. அமெரிக்கக் கொடியோடு இந்தியாவுக்கு முதலில் வந்த கப்பல் 1784 டிசம்பரில் புதுச்சேரியை அடைந்தது. அது பிலடெல்பியாக் கப்பல். சேலத்து எலையாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் கப்பல்கள் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தன. 1796-இல் ஜேக்கப் கிரவுனின்ஷீல்டு என்ற சேலத்துக் கப்பல் தலைவர் வங்காளத்திலிருந்து ஒரு யானையையே ஏற்றிக்கொண்டு நியூயார்க் போனார். அந்தக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர் எழுத்தாளர் ஹாதார்னின் தகப்பனார். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிவந்த கப்பல் தலைவர்கள் 1799-இல் கிழக்கிந்தியக் கடல் சங்கம் அமைத்து, போன இடமெல்லாம் வாங்கிய அரும்பொருள்களைச் சேர்த்தார்கள். இன்றைய பீபடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு விதை அதுதான்.

மதராசிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பெரிதாக வந்தது துணி. கைக்குட்டை, கட்டம்போட்ட துணி, மஸ்லின். துணி உடுத்தினால் கிழியும், கிழிந்தால் சமையலறையில் துடைக்கும், பிறகு குப்பைக்குப் போகும். பீங்கான் உடையாமல் இருந்தால் முந்நூறு வருடம் இருக்கும். வீட்டு அருங்காட்சியகம் அழியாததைத்தான் காட்ட முடியும்; அதனால் அங்கே சீனா தெரிகிறது, சோழமண்டலக் கரை தெரிவதில்லை. 1816-இல் அமெரிக்கா விதித்த சுங்கவரி மலிவான இந்தியத் துணியை ஏறக்குறைய வெளியே தள்ளியது. பின்னர் சேலத்திலேயே பெரிய பஞ்சாலை எழுந்தது. எம்மர்டனின் இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் பலரின் தாய்தகப்பன் அந்த ஊர் ஆலைகளில் உழைத்தவர்கள்.

துணியைப் போலவே ஒரு மனிதரும் தடமின்றிப் போனார். 1790 டிசம்பர் கடைசியில், மதராசிலிருந்து வந்த ஒருவரைச் சேலத்தில் முதன்முறையாகப் பார்த்ததாகப் போதகர் பென்ட்லி நாட்குறிப்பில் எழுதினார். கருத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், உயரமான நல்ல உடற்கட்டு என்று விவரிக்கிறார். கிபோ என்ற கப்பல் தலைவரோடு வந்தவராம், அதற்கு முன் ஐரோப்பாவையும் பார்த்தவராம். பெயரைக் குறிக்கவில்லை. அமெரிக்க மண்ணில் இந்தியர் ஒருவரைப் பற்றிக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று. அவர் தமிழரா, தெலுங்கரா, வேறு யாரா என்று அந்த வரிகளிலிருந்து சொல்ல வழியில்லை. அடுத்த ஆண்டு பென்ட்லி ஒரு கிரவுனின்ஷீல்டு குடும்பத்து வீட்டில் வாடகைக்குக் குடியேறி 1819-இல் சாகும் வரை அங்கேயே இருந்தார். அந்த வீடும் 1959-இல் நகர்த்தப்பட்டு, கார்ட்னர்-பிங்கிரி மாளிகைக்குப் பக்கத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஊரில் நடந்தது எல்லாவற்றையும் எழுதிவைத்த மனிதரின் அறையைப் பார்க்கலாம். அவர் எழுத்தில் வந்த மதராஸ்காரர் எந்தத் தெருவில் படுத்தார் என்று காட்ட அங்கே ஒரு வீடும் இல்லை.

பாஸ்டன் பக்கத்தில் பிள்ளைகள் வேலை பார்ப்பதால் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் இன்று நம்மில் பலர். பாஸ்டன் வடக்கு நிலையத்தில் புறநகர் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் சேலம். அக்டோபர் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஹாலோவீன் கொண்டாட்டத்துக்கு 10 லட்சம் பேர் வரை குவிகிறார்கள், வீட்டைப் பார்க்க முடியாது, முதுகுகளைத்தான் பார்க்கலாம். முதலில் ஏழு முகட்டு வீட்டுக்குப் போங்கள், படிக்கட்டில் ஏறுங்கள், கட்டணத்தை மனநிறைவோடு கொடுங்கள். கையோடு சில நிமிட நடையில் இருக்கும் நார்போன் வீட்டுக்கும் வாருங்கள். எங்கே போனாலும் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த அறை எந்த ஆண்டைக் காட்டுகிறது, அதற்காக எதை எடுத்தீர்கள்? நல்ல வழிகாட்டிகள் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பவர்கள். பதில் நீளமாக வரும். நார்போன் வீட்டை எல்லா நாளும் திறப்பதில்லை. துறைமுகத் தலத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.